சுல்தானுக்குப் பத்து நாள்

அமுதவல்லிக்கு நாயென்றால் பயம் கிடையாது. முதலியார்பேட்டையில் எட்டு வருஷமாக வீடு வீடாகக் குப்பை வாங்குகிறவளுக்கு அந்தப் பயம் இருந்தால் ஒரு நாள்கூட வேலை ஓடாது. தெருநாய் உறுமிக்கொண்டு வந்தால் அவள் கல்லைத் தேட மாட்டாள், சும்மா குனிவாள். கை தரையைத் தொடுவதற்குள் நாய் நாலு வீடு தாண்டியிருக்கும். "கல்லடி படாத நாய் இந்த ஊர்ல ஏதுக்கா?" என்பாள்.

நான் ஜன்னலோரம் மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கிறவள். தெருவில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தப்பவிடுகிற நல்ல குணமும் எனக்கில்லை. அமுதவல்லியின் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை மூடியபோது அவளுக்குப் பத்தாவது பரீட்சை, அதோடு படிப்பு நின்றது. துணிக்கடையில் நின்றாள், தோல் கம்பெனியில் பை ஒட்டினாள். கட்டினவன் குடித்தே போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் மேனகாவை வளர்த்துத் தவளக்குப்பத்தில் கட்டிக் கொடுத்தாள். குப்பை வண்டிக்கு வந்த முதல் மாதம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தவள், இரண்டாம் மாதம் விசிலை எடுத்து ஊதினாள் பாருங்கள், தெருவே எழுந்து உட்கார்ந்தது.

அவளோடு வண்டி தள்ளுகிறவள் சின்னப்பொண்ணு. பேர்தான் அப்படி, வயது ஐம்பத்திரண்டு. சின்ன வயதில் நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டவள். தூரத்தில் நாய் குரைத்தாலே முகம் வெளுத்துவிடும். சொல்தா வீடு வந்தால் தெருமுனையிலேயே நின்றுகொள்வாள். அங்கே அமுதவல்லி மட்டும் போவாள்.

சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். எங்கள் தெரு சொல்தா புருஷோத்தமன், எழுபது வயது. மனைவி இல்லை, மகன் பிரான்சில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு சுல்தான் வந்தது. ராட்வீலர் சாதி. கறுப்பு உடம்பு, சோற்றுக் குண்டான் அளவுக்குத் தலை. காலை ஆறே முக்காலுக்கு அவர் கேட்டைத் திறந்து அதைத் தெருவில் விட்டுவிட்டு அங்கேயே நிற்பார். சங்கிலி கிடையாது, வாய்மூடி கிடையாது. நான் இரண்டு முறை சண்டைக்குப் போனேன்.

"அது ஒண்ணும் பண்ணாதும்மா" என்றார் இரண்டு முறையும். நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்த ஒரே வாக்கியத்தைப் படித்துவிட்டு வருகிறார்களோ! பிரான்சில் இந்தச் சாதி நாயை வாய்மூடி போடாமல் வெளியே கொண்டுபோக முடியாது என்று அவர் மகனே லீவில் வந்தபோது என்னிடம் சொன்னான். அங்கே நடக்காதது எங்கள் தெருவில் தினமும் நடந்தது.

முதல் தடவை சுல்தான் வண்டியை நோக்கி வந்தபோது அமுதவல்லி வழக்கம்போலக் குனிந்தாள். அது நிற்கவில்லை. பிறந்ததிலிருந்து கல்லையே பார்த்திராத நாய், குனிந்தவளின் முகத்துக்கு நேராக வந்துவிட்டது. கேட்டிலிருந்து சொல்தா "அசீ!" என்று ஒரு அதட்டல் போட்டார். சுல்தான் அப்படியே உட்கார்ந்தது. பிரெஞ்சில் உட்கார் என்பதற்கு அதுதான் வார்த்தை. தன் நாய்க்குத் தமிழ் தெரியாது என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

அமுதவல்லி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். மறுவாரம் சுல்தான் வந்தபோது, குனியாமல், கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு "அசீ!" என்றாள். அது அவளைப் பார்த்தது. தலையைத் திருப்பிக் கேட்டைப் பார்த்தது. பிறகு உட்கார்ந்தது. தெருவே மலைத்துப் போனது. அன்றிலிருந்து காய்கறிக்காரர் முதல் ஸ்கூல் வேனுக்கு நிற்கிற பிள்ளைகள்வரை எல்லார் வாயிலும் அசீதான். நானும் அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தேன். அந்த நாய் ஒவ்வொரு முறையும் முதலில் கேட்டைத் திரும்பிப் பார்ப்பதை நான் கவனித்திருந்தேன். கவனித்து என்ன? யோசிக்கவில்லை.

ஐப்பசியில் மேனகாவுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. அமுதவல்லி மூன்று நாள் லீவு கேட்டாள். சூப்பர்வைசர் கிருஷ்ணசாமி, லீவு தரலாம், ஆள் தர முடியாது என்றுவிட்டார். ஒரு வீட்டை விட்டாலும் சொல்தா போன் போட்டுவிடுவார், ஏற்கெனவே போட்டிருக்கிறார். ஆகவே சின்னப்பொண்ணு தனியாகப் போயாக வேண்டும். லீவுக்கு முந்தின நாள் என் வாசலில் வைத்து அமுதவல்லி அவளைப் பழக்கினாள்.

"சொல்லுக்கா."

"அசீ."

"சோறு கேக்கற மாதிரி சொல்ற. அதட்டிச் சொல்லு."

"அசீ!"

"அப்டித்தான். சொல்லிட்டு ஓடக் கூடாது. ஓடுனா தொரத்தும். கைய ஆட்டாம அப்டியே நில்லு."

"உக்காரலன்னா என்னா பண்றது அமுதா?"

"எனுக்கு உக்காருது, ஒனுக்கு உக்காராதா? தெகிரியமா போக்கா. நான் பொறுப்பு."

அன்று சாயங்காலமே சொல்தா பாத்ரூமில் வழுக்கி விழுந்து படுக்கையில் கிடந்தார். சமையல்காரி ஆதிலட்சுமி கடைக்குப் போகிற வழியில் என்னிடம் சொன்னாள். எனக்கு அது வெறும் செய்தியாகத்தான் பட்டது. சின்னப்பொண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க எனக்குத் தோன்றவில்லை. இதை நினைத்தால் இப்போதும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் ஆறே முக்காலுக்கு ஆதிலட்சுமி கேட்டைத் திறந்துவிட்டுக் காபி போட உள்ளே போய்விட்டாள். சுல்தான் தெருவில் இறங்கியது. நான் பக்கெட்டோடு என் வாசலில் நின்றிருந்தேன். சின்னப்பொண்ணு வண்டியை விட்டு இரண்டடி முன்னால் வந்து, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள்.  வார்த்தை சுத்தமாக வந்தது.

"அசீ!"

சுல்தான் நின்றது. திரும்பிக் கேட்டைப் பார்த்தது. அங்கே யாரும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்தது போல எனக்குப் பட்டது. பிறகு மெதுவாகத் தலையை இந்தப் பக்கம் திருப்பியது. குரைக்கவில்லை.

"இன்னொரு தபா சொல்லு, ஓடாத!" என்று கத்தினேன். ஆமாம், நான்தான் கத்தினேன்.

அவள் ஓடவில்லை. மறுபடியும் சொன்னாள். அது பாய்ந்து வலது முழங்கைக்குக் கீழே கவ்வியது. நான் பக்கெட்டால் அடித்தேன், எதிர்வீட்டுக்காரர் சைக்கிளைத் தூக்கி அடித்தார். ஆதிலட்சுமி கறித்துண்டோடு ஓடி வந்த பிறகுதான் அது வாயை விட்டது. அவ்வளவு நேரமும் சின்னப்பொண்ணு இடது கையை ஆட்டாமல் உடம்போடு ஒட்டி வைத்திருந்தாள்.

தவளக்குப்பத்திலிருந்து அமுதவல்லி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். பேத்தி பிறந்து நாலு மணி நேரம்தான் ஆகியிருந்தது. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்க்கா ஓடல?"

"நீதான ஓடாதன்ன" என்றாள் சின்னப்பொண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகத்தான் சொன்னாள். அமுதவல்லி வெளியே வந்து வராண்டாவில் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

கைக்குத் தையல் போட்டு, ஊசியும் ஆரம்பித்தார்கள். ஆனாலும் கடித்த நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொன்னார் டாக்டர். அது சோறு தண்ணி எடுக்காமல் போனாலோ செத்துப்போனாலோ உடனே வந்து சொல்ல வேண்டும். சொல்தா வீட்டில் சுல்தானுக்கு ஊசி போட்ட அட்டையைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. "என் நாய அதிகாரம் பண்ண அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தது?" என்று மட்டும் படுக்கையிலிருந்து சொல்தா கேட்டாராம். போலீசுக்கு எழுதின புகாரில் கையெழுத்துப் போட்டது நானும் அமுதவல்லியும்தான். மற்றவர்களுக்கெல்லாம் ஒரே தெருவாயிற்றே!

"வெறி புடிச்சுப் பூடுவனா அமுதா?" என்று சின்னப்பொண்ணு தினமும் கேட்டாள். அமுதவல்லி தினமும் காலையில் சொல்தா வீட்டுக் கேட்டின் கம்பி வழியாகப் பார்த்தாள். மாமரத்தில் கட்டியிருந்த சுல்தான் தண்ணீர் குடிக்கிறதா, எச்சில் ஒழுகுகிறதா, கண் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவாள்.

ஆறாம் நாள் அது சோற்றைத் தொடவில்லை. அமுதவல்லி வண்டியை நடுத்தெருவில் விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. எட்டு வருஷத்தில் அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. என் வீட்டிலிருந்த கோழிக் குழம்பிலிருந்து கறியைப் பொறுக்கிச் சோற்றில் பிசைந்து கொண்டுபோய்க் கேட்டுக்கு அடியில், சங்கிலி எட்டுகிற இடம்வரை தள்ளினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தினாள்.

"துன்னுடா. துன்னுடா சாமி. நல்லா இருடா" என்று கெஞ்சினாள். சின்னப்பொண்ணின் கையைக் குதறின வாய் அது.  கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அது எழுந்து வந்து தின்றது. அமுதவல்லி கேட்டுக்குக் கும்பிடு போட்டாள்.

பத்தாம் நாள் சுல்தான் திடமாக இருந்தது. அமுதவல்லி என்னையும் அழைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு வீட்டுக்குப் போனாள். "பத்து நாளும் தாண்டிடுச்சுக்கா. நாய் நல்லாருக்குது. குதிக்குது, கொரைக்குது. ஒனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள். சின்னப்பொண்ணு கட்டுப்போட்ட கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் மூன்று பேரும் அழுதோம். ஒரு நாய் நன்றாக இருப்பதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் இந்த ஊரில் இருக்க மாட்டார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னப்பொண்ணு கேட்டாள்.

"அப்டின்னா நாளைலேந்து அவுத்து வுட்ருவாங்களா?"

 

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு சொல்தா வீட்டுக் கேட் திறந்தது. அமுதவல்லி விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதாமல், சின்னப்பொண்ணு எப்போதும் நிற்கிற தெருமுனையிலேயே நின்றிருந்தாள்.