மச்சான் வரைந்த இரும்பு

அந்த லேப்டாப் திரை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. நான் தகடு தகடாக அடுக்கிய டிரான்ஸ்பார்மரின் நடு இரும்பு, கோர் என்போமே, அது அதில் படமாக நின்றது. உடம்பெல்லாம் நீலம். இரண்டு பக்கத்திலும் மட்டும் நெருப்பு மாதிரிச் சிவப்புக் கோடு. என் மனைவியின் தம்பி அதைத் திருப்பித் திருப்பிக் காட்ட, எங்கள் பட்டறை முதலாளி குனிந்து பார்த்தார். நான் செய்த எதையும் அவர் அவ்வளவு நேரம் குனிந்து பார்த்ததில்லை.

நான் படித்தது எட்டாவது. அண்ணாமலையார் ஊரில், வேங்கிக்கால் தாண்டி ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் பட்டறையில் மேஸ்திரி. மச்சான் சென்னையில் இன்ஜினியரிங் முடித்து, கோர் எங்கே சூடாகும், எவ்வளவு சூடாகும் என்று கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கும் வேலையில் இருந்தான். கையில் துரு படாத இரும்பு வேலை. மாமியார் வீட்டில் முதல் வடை அவன் இலைக்குத்தான். போகட்டும், சாமி விஷயத்தில் அவன் எனக்குக் கீழேதான் என்று என்னைத் தேற்றிக்கொள்வேன். பௌர்ணமி தவறாமல் மலை சுற்றுகிறவன் நான். அவன் சன்னதியில் நிற்கும்போதும் வெளியே விட்ட செருப்பையே நினைத்துக்கொண்டிருப்பான்.

அந்த வருஷம் தீபத்துக்கு அவன் வந்திருந்தபோது, ஒரு அரிசி ஆலைக்காக நாங்கள் செய்த பெரிய டிரான்ஸ்பார்மர் கை வைக்க முடியாமல் கொதித்தது. எனக்குக் காரணம் பிடிபடவில்லை. "உங்க மச்சானை ஒரு எட்டு வரச் சொல்லுங்க மேஸ்திரி" என்றார் முதலாளி. சொன்னேன். வேறு வழி இல்லை.

தீபத்தன்று காலை வந்து அளவெடுத்து, திரையில் வரைந்தான். பார்த்தால் தகடே இல்லை, ஒரே கட்டி இரும்பு. "என்னா மச்சான், தகட்டையெல்லாம் உருக்கிட்டியா?" என்றேன். பட்டறை சிரித்தது.

"ஒவ்வொரு தகடா வரஞ்சா இந்த லேப்டாப் தாங்காது மாமா. கட்டியா வச்சிட்டு, கரண்ட் தகட்டோட ஓடலாம், தகடு விட்டுத் தகடு தாண்டக் கூடாதுன்னு அதுக்குச் சொல்லிடுவேன்."

தகடுகளுக்கு நடுவே பூச்சு இருப்பதே அப்படித் தாண்டாமல் இருக்கத்தான். தாண்டினால் சூடு. அது எனக்கும் தெரியும். பிறகு அவன் கோரின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக ஓடிய வெல்டிங்கைத் தடவி, இது எதற்கு என்றான். தகடு அதிர்ந்து இரையாமல் இருக்க என் யோசனையில் வைத்தது என்று பெருமையாகச் சொன்னேன். சின்ன டிரான்ஸ்பார்மர்களில் அது எந்தத் தொல்லையும் தந்ததில்லை. அவன் அந்த இரண்டு கோட்டையும் படத்தில் சேர்த்தான். கணக்கு ஓட நேரமாகும் என்று அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் தீபம் பார்க்கப் போனோம்.

மறுநாள் காலைதான் திரையில் அந்தச் சிவப்பு வந்தது. பூச்சு தடுத்ததை என் வெல்டிங் பாலம் போட்டுத் தாண்ட வைத்திருந்தது. நானே கிரைண்டர் வைத்து அதைச் சீவினேன். ஓட்டிப் பார்த்தால் கொஞ்சம் இரைந்தது, ஆனால் கொதிக்கவில்லை. முதலாளி அவனுக்குச் சால்வையே போர்த்திவிட்டார். படம் தப்பாக வந்திருக்கக் கூடாதா அருணாசலா என்றுதான் எனக்கு இருந்தது.

அவன் ஊருக்குப் போன பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து என் மனைவி சொன்னாள்: "தீபம் ஏத்தறப்ப கண்ண மூடிக்கினு ரொம்ப நேரம் நின்னான். என்னடா வேண்டிக்கினேன்னு கேட்டேன். மாமா வச்ச வெல்டிங்ல தப்பு இருக்கக் கூடாதுன்னு வேண்டிக்கினானாம்."

படிப்பு அவனுக்கு, சால்வை அவனுக்கு. போகட்டும். வேண்டுதலிலும் என்னை முந்திவிட்டானே. மலையில் தீபம் ஏறிய அந்த நொடியில் நான் கேட்டது என்னவென்று அண்ணாமலையாருக்குத் தெரியும்.

இப்போது அவன் வெளிநாட்டில். பௌர்ணமிக்கு முன்னால் போன் வரும்: "மாமா, என் பேருக்கும் ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க." செய்கிறேன், ஒரு தடவையும் விட்டதில்லை. என் பேர், என் நட்சத்திரம், வீட்டில் உள்ளவர்கள் பேர் எல்லாம் சொல்லி நிறுத்திவிடுவேன். குருக்கள், "வேற யாராவது?" என்று கேட்கட்டும். அப்புறம்தான் அவன் பேர்.