வெள்ளிக்கிழமை மட்டும் வரும் நோய்

நரம்பியல் மருத்துவர் கருப்பணன் காலமான செய்தியை எங்கள் மருத்துவமனை மேலாளர்தான் போனில் சொன்னார். சொன்ன கையோடு, "இரங்கல் கூட்டத்துல நீங்கதான் பேசோணுங்க. முன்னோடி ஆராய்ச்சியாளர்னு நோட்டீஸ் அடிக்கக் குடுத்துட்டோம்" என்றார். எனக்குக் கெட்ட வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. கருப்பணனை அறிந்த உங்களுக்கு அந்த நோட்டீஸில் இல்லாததை எழுதுகிறேன்.

நான் பொது மருத்துவன். நாங்கள் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வெள்ளைக்காரர்களின் நோய், நம் பக்கம் வராது என்றுதான் எங்களுக்குப் படிப்பித்தார்கள். "வரலையா, நாம பாக்கலையாங்க?" என்று அவர் ஒருவர்தான் கேட்டார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பின் மேலுறையை அரித்துவிடும் நோய் அது. மோட்டார் பம்பு செய்து பிழைக்கும் எங்கள் ஊர்க்காரர்களிடம் அதை விளக்க அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. "மோட்டாருக்குள்ள காயில் கம்பி மேல இருக்கற பூச்சு போயிருச்சுங்க. கரண்டு இருக்குது, சூடு ஏறினா மோட்டார் நின்னு போகுது" என்பார்.

அந்தச் சூட்டைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றிக்கொண்டால் கண் மங்குகிறது, கால் துவள்கிறது என்று சில பெண்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். வெள்ளிக்கிழமைகளில் வார்டு குளியலறையில் வெந்நீர் போட்டு, துணைக்கு ஒரு நர்ஸை நிறுத்தி, குளிப்பதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய பார்வையையும் நடையையும் சோதித்து நோட்டில் எழுதினார். வேறு கிழமை சொன்னால் எண்ணெய்க் குளியலுக்கு வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். டாக்டர்கள் அறையில் அதற்குச் 'சீயக்காய் கிளினிக்' என்று பெயர். பெயர் வைத்தவன் நான்.

ஒருநாள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, ஒரு பழைய புறநோயாளிச் சீட்டை மேஜைமேல் வைத்தார். சரஸ்வதி, காங்கேயம். எண்ணெய் மில்லின் தேங்காய்க் களத்தில் வேலை செய்தவர். ஒன்றரை வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை என்னிடம் வந்திருந்தார். "வெள்ளிக்கெழம தண்ணி வாத்துக்கிட்டா கண்ணு தெரியலைங்கறாளுங்க. மத்தியானத்துக்குள்ள செரியாப் போயிருதுங்க" என்று அவர் கணவர் சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் வரும் நோயா? 'மனப்பிரமை. நோய் ஏதுமில்லை' என்று எழுதி அனுப்பினேன். வீட்டில் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார்கள். கருப்பணனிடம் வந்து சேர்ந்தபோது இரண்டு கால்களும் விழுந்துவிட்டன. ஸ்டீராய்டு ஊசியில் பார்வை தேறியது. கால்கள் தேறவில்லை.

"திங்கக்கெழம பாத்தா ஆருக்குந் தெரியாதுங்க. வெள்ளிக்கெழம வரச் சொல்லியிருக்கோணும்" என்றார் கருப்பணன். அவ்வளவுதான். பிறகு, "நீங்களே வெச்சுக்குங்க. ஃபைல்ல இருந்தா நாளைக்கு ஆராச்சும் கேப்பாங்க" என்று சீட்டை என் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகாவது நான் அவர் பக்கம் நின்றிருக்க வேண்டும். அடுத்த வருடம் நிர்வாகத்தில் முழு உடல் பரிசோதனைத் திட்டம் என்று ஒன்றை ஆரம்பித்து, அவருடைய வெள்ளிக்கிழமை அறையைக் கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் நான் என் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "செரிங்க" என்று நோட்டுகளைக் கட்டி வீட்டுக்கு எடுத்துப்போனார். அனுப்பிய கட்டுரைகள் திரும்பி வந்தன. "இங்க இருக்கறது அதே நோயா, அதோட பங்காளியான்னு இன்னும் தெரியலைங்க" என்பார். அந்தக் கேள்வியோடு நோட்டுகள் இப்போது அவர் வீட்டு பீரோவில் கிடக்கின்றன. முன்னோடி என்று அச்சடிப்பவர்கள் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

நேற்று துக்கம் கேட்கப் போனபோது அவர் வீட்டு வாசலில், சக்கர நாற்காலியில் சரஸ்வதி இருந்தார். என்னைப் பார்த்ததும் கணவரிடம் ஏதோ சொல்லி நாற்காலியைத் தள்ளிவரச் செய்தார்.

"என்னைய மொதல்ல பாத்தது நீங்கதானுங்களே?"

ஆமாம் என்றேன்.

"டாக்டரு சொல்லியிருக்காருங்க. அன்னைக்கே நீங்க சந்தேகப்பட்டு அவுருகிட்ட அனுப்பச் சொல்லி எழுதினீங்களாமா. அந்தச் சீட்டுத்தான் எங்கயோ தவறிப் போச்சாமா. உங்களுக்கு ஒரு கும்புடு போடோணும்னு இருந்தனுங்க."

கை கூப்பினார். நானும் கூப்பினேன்.

நோட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றி எழுதாத மனிதர் எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறார். அதற்கு நான் தகுதியானவன் இல்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்தச் சீட்டு மட்டும்தான், அதிலும் கையெழுத்து என்னுடையது. இரங்கல் கூட்டத்துக்குச் சரஸ்வதியை வரச் சொல்லியிருக்கிறேன். மேடையில் வேறெதுவும் பேசுவதாக இல்லை. அந்தச் சீட்டைப் படிக்கப்போகிறேன்.