நடுவில் வைத்த தட்டு

பவானியோடு சாப்பிடப் போகிறவர்களிடம் முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுவேன். மீன் மேசைக்கு வந்த பிறகு மரியாதைக்காகத் தயங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவ்வளவுதான். நடுத்துண்டு அவள் தட்டில் போய் உட்கார்ந்திருக்கும். "நீங்க இன்னும் எடுக்கலியா?" என்று வால் பக்கத்தைக் காட்டி வேறு கேட்பாள்.

அவளும் நானும் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறோம். அவள் ஊசி குத்துகிறவள். நான் முன்மேசையில் உட்கார்ந்து, ரிப்போர்ட் எங்கே என்று கேட்கிறவர்களிடம் திட்டு வாங்குகிறவள். சம்பளம் வந்த வாரம் சில்வர் பீச் சாலையில் இருக்கும் 'மூங்கில் வீடு' என்ற உணவகத்துக்குப் போவோம். தாய்லாந்து, வியட்நாம், ஜப்பான் என்று பல நாட்டுச் சாப்பாட்டைக் கலந்துகட்டிப் போடுகிற இடம். ஆளுக்கொரு சாப்பாடு என்ற பேச்சே அங்கே கிடையாது. பெரிய தட்டுகளை நடுவில் வைத்துவிடுவார்கள். சுற்றி உட்கார்ந்து எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷேர் பிளேட் என்று பெயர். வந்த புதிதில் ஊரே முகம் சுளித்தது. எச்சில் படாதா, யாருக்கு எவ்வளவு என்று யார் பார்ப்பது, ஒரு சாம்பார்கூட இல்லையா என்று ஆயிரம் குறை. நானும் ஆரம்பத்தில் என் பங்கைத் தனியாக ஒதுக்கி வைத்துக்கொண்டவள்தான். பவானிக்கு மட்டும் முதல் நாளே பிடித்துப்போனது.

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒண்ணா ஆரம்பிக்கிறோம்லக்கா. எங்க வூட்ல அது கெடையாது" என்றாள்.

அவள் வீடு தேவனாம்பட்டினத்தில். அப்பா ஞானசேகரன் கடலுக்குப் போகிறவர். அம்மா சின்னப்பிள்ளை மீன் விற்கிறவர். மார்க்கெட்டில் சின்னப்பிள்ளையிடம் பேரம் பேசி ஜெயித்தவர்களை நான் பார்த்ததில்லை. அவர் சத்தம் போட்டால் எதிர்க்கடைத் தராசு ஆடும். அதே அம்மாள் வீட்டுக்குப் போனால் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். முதலில் அப்பா, அண்ணன்கள். அவர்கள் கை கழுவிய பிறகு சட்டியில் கிடக்கிற தலையும் வாலும் குழம்பும் அம்மாவுக்கும் மகளுக்கும். மீனை விற்கிறவளுக்கு மீனின் நடுப்பகுதி எப்படி இருக்கும் என்றே தெரியாது. கேட்டபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிதம்பரத்தில் லேப் டெக்னீஷியன் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பவானி அண்ணன்களின் வரிசையில் போய் உட்கார்ந்து, சட்டியைத் தன் பக்கம் இழுத்து நடுத்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அப்பா சாப்பிடாமல் எழுந்து போனார். ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாளும் அவள் போய் உட்கார்ந்தாள். கடைசியில் அப்பாதான் களைத்துப்போனார். ஆனால் அம்மா உட்காரவில்லை. எவ்வளவு சொல்லியும் உட்காரவில்லை.

"இப்ப ரெண்டாவது பந்தியில எங்கம்மா மட்டுந்தான்க்கா. நான் அவுங்கள தனியா வுட்டுட்டு வந்துட்ட மாரி ஆயிடுச்சு" என்று ஒருமுறை சொன்னாள். அவளை அழுத்திக்கொண்டிருந்தது அதுதான்.

ஊரில் அவளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். உண்மைதான், திமிர்தான். அது இல்லாமல் இருந்திருந்தால் அவளும் அகப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாள்.

போன வருஷம் ஒரு வரன் வந்தது. பையன் ஜெயப்பிரகாஷ், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி. இவர்களைப் போலவே கடற்கரைக்காரர்கள்தான், சிதம்பரத்தில் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டவர்கள். பெண் பார்த்து, பிடித்துப்போய், ஃபோனில் பேசிக்கொள்ளவும் ஆரம்பித்துவிட்டார்கள். பவானி தனக்குள் சிரித்துக்கொண்டே ஊசி குத்துவதைப் பார்த்து ஒரு பெரியவர் என்னிடம் வந்து புகார் சொன்னார். நிச்சயத்துக்குத் தேதி குறிக்க இரண்டு குடும்பமும் மூங்கில் வீட்டில் சந்திக்கலாம் என்று சொன்னவன் மாப்பிள்ளைதான். சின்னப்பிள்ளைக்குத் தரையில் கால் பாவவில்லை. முப்பதை எட்டப்போகிற மகளுக்கு இப்படியொரு இடம் அமையும் என்று அவர் நினைக்கவே இல்லை. பவானி என்னையும் வரச் சொன்னாள், துணைக்கு.

ஜெயப்பிரகாஷ் எல்லோருக்கும் மெனு கார்டை விளக்கிச் சொல்லி ஆர்டர் கொடுத்தான். இஞ்சியும் சோயாவும் ஊற்றி வேகவைத்த முழுக் கொடுவா மீன் ஒன்று நீளத்தட்டில் வந்தது. கூடவே பப்பாளிக்காய் சாலட், கொழுக்கட்டை மாதிரி டம்ப்ளிங், நூடுல்ஸ். பரிமாற வந்தவர் கரண்டியை எடுத்ததுதான் தாமதம், மாப்பிள்ளையின் அம்மா எழுந்து அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். அவர் எழுந்ததைப் பார்த்ததும் சின்னப்பிள்ளையும் எழுந்துவிட்டார். ஆளுக்கு ஒரு கரண்டி.

"மேடம், நீங்க உக்காருங்க, நாங்க பாத்துக்குறோம்" என்றார் பரிமாற வந்தவர்.

"இருக்கட்டும்பா. ஆம்பளைங்க சாப்பிடட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

ஏசி ஓடுகிற உணவகத்தில், இரண்டு பட்டுப்புடவைகள் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு பரிமாறின. மாப்பிள்ளையின் அப்பா நடனசபாபதி தட்டில் நடுத்துண்டு விழுந்தது. அடுத்தது மாப்பிள்ளைக்கு. அடுத்தது ஞானசேகரனுக்கு. பக்கத்து மேசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பவானி சிரிக்கவில்லை. அவள் கண் அம்மாவின் மேலேயே இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பார்த்து, "நீயும் எழுந்து வாயேம்மா. நாளைக்கு நீதான செய்யப்போற" என்றார். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. அன்பாகத்தான் சொன்னார்.

"மொதல்ல நீங்க உக்காருங்க அத்தை. ம்மா, நீயும் உக்காரு. இங்க பரிமாற ஆள் இருக்காங்க, இது வூடா?"

மென்றுகொண்டிருந்த நடனசபாபதி நிமிர்ந்தார். "வூடா இருந்தா?"

"வூடா இருந்தாலும் உக்காந்துதான் சாப்புடுவேன் மாமா, உங்க எல்லாரோடயும். எங்கம்மா வந்தாங்கன்னா அவுங்களும் உக்காருவாங்க."

ஞானசேகரன் மகளை முறைத்தார். எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தோம். நானும் பார்த்தேன். சொல்லுடா, ஒரு வார்த்தை சொல்லுடா என்று மனசுக்குள் கத்தினேன்.

"பவானி, இதெல்லாம் இப்பப் பேசணுமா? சும்மா ரெண்டு கரண்டி போட்டுட்டு வந்து உக்காந்துடேன். இதுல இன்னா இருக்குது?" என்றான்.

பவானி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனை அவளுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும்.

"அந்த ரெண்டு கரண்டியத்தான் எங்கம்மா இத்தினி வருஷமா போட்டுக்கினு இருக்காங்க" என்றாள். "நான் போட மாட்டேன். இப்பவும் மாட்டேன், கல்யாணம் ஆனாலும் மாட்டேன்."

நடனசபாபதி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தேதிய அப்புறமா பேசிக்கலாம்" என்றார். அப்புறம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கே யாருக்கும் தெரியாமல் இல்லை. அவர் மனைவி கரண்டியை மேசையில் போட்டுவிட்டு அவர் பின்னால் போனார். ஜெயப்பிரகாஷ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் நின்றான். இருந்துவிடுவான் என்று ஒரு நிமிஷம் நம்பினேன். போய்விட்டான்.

பவானி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஞானசேகரன் அவளை விட்டுவிட்டு மனைவியின் மேல் பாய்ந்தார்.

"பொண்ண வளத்திருக்கற லச்சணத்தப் பாரு. வந்த சம்மந்தத்த வெரட்டி வுட்டுட்டா. ஒனக்கு இப்ப குளுகுளுன்னு இருக்குதா?"

சின்னப்பிள்ளை கரண்டியோடு அப்படியே நின்றார். இந்தக் கல்யாணத்துக்காக வேண்டாத சாமி பாக்கி இல்லை. மகளை அறையப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அறைந்திருந்தால்கூட அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

கரண்டியை மேசையில் வைத்தார். நடனசபாபதி உட்கார்ந்திருந்த நாற்காலியை இழுத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் பெரிய தட்டைத் தன் பக்கம் திருப்பினார். மீதியிருந்த மீனில் பாதியைப் பிய்த்து மகள் தட்டில் வைத்தார், பாதியைத் தன் தட்டில்.

"அழுவாத. ஆறிப்போவுது, சாப்புடு."

பவானி முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு அம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். சின்னப்பிள்ளை முள்ளை ஒதுக்கி ஒதுக்கி, அவசரமே இல்லாமல் தின்றார். நானும் நூடுல்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஞானசேகரன் கடுகடுவென்று தன் துண்டைத் தின்று முடித்தார். அப்புறம் வழக்கம்போலக் காலித் தட்டை மனைவியின் பக்கம் நகர்த்தினார்.

சின்னப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை.

"கரண்டி ஒன் கைகிட்டதான் கெடக்குது. எடுத்துப் போட்டுக்கய்யா."