திருமதி மில்லருக்கு ஒன்றுமில்லை

ஜலஜாவுக்கு ஒர்க் பெர்மிட் வந்தது தொண்ணூற்றெட்டில். கம்ப்யூட்டர் படித்துவிட்டு நாலு வருஷமாக அமெரிக்காவில், ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட் வீட்டுக்குள்ளேயே கிடந்தவள், ஹூஸ்டனில் ஒரு மருத்துவக் கல்லூரி கூப்பிட்டதும் விட்டால் போதுமென்று ஓடினாள். ஆறு மாத கான்ட்ராக்ட். அவள் வேலை அவர்களுக்குப் பிடித்துப்போனால் நிரந்தரம்.

வேலை கொஞ்சம் விசித்திரம். கம்ப்யூட்டர் திரைக்குள் ஒரு நோயாளியை உட்கார வைக்க வேண்டும். பெயர் திருமதி மில்லர், வயது ஐம்பத்தெட்டு. மாணவர்கள் கேள்வியை டைப் செய்தால் அவர் பதில் சொல்வார். நோயாளியிடம் பக்குவமாகப் பேசப் பழகத்தான் இந்த ஏற்பாடு. நெஞ்சுவலி என்று வியாதியை முடிவு செய்தவர் துறைத்தலைவர் டாக்டர் காலின்ஸ். பதில்களை எழுதியது ஜலஜா.

அங்கேதான் வந்தது வினை. அவள் சொந்தபந்தத்தில் காபி தரட்டுமா என்றாலே இரண்டு தடவை வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவைதான் டம்ளருக்குக் கை நீளும். வலியை மட்டும் முதல் கேள்விக்கே ஒப்புக்கொள்வார்களா என்ன? அதனால் திருமதி மில்லரும் இரண்டு முறை ஒன்றுமில்லை என்பார். அமெரிக்காவில் இது செல்லுபடியாகுமா என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை.

பரீட்சையில் நாற்பது மாணவர்களும் ஒரு தடவை கேட்டுவிட்டு, அஜீரண மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். புரோகிராமில் கோளாறு என்று காலின்ஸிடம் புகார் போனது.

"பேசாம மாத்திக் குடுத்துடு. கான்ட்ராக்ட் முடியற நேரத்துல ஆர்க்யூ பண்ணாதே," என்றான் கணவன் பாலசுப்ரமணியன். மீட்டிங்கில் வாயே திறக்காமல் மேனேஜர் ஆனவன், வேறென்ன சொல்வான்!

மறுநாள் காலின்ஸ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஒரே ஒரு வரியை மாற்றினால் வேலை தப்பிக்கும். மூன்று தடவை கேட்கும்வரை யாராவது மறைப்பார்களா என்று அவர் கேட்டார்.

"நான் மறைத்திருக்கிறேன்," என்றாள் ஆங்கிலத்தில். "நாலு வருஷமாக இந்த ஊரில் எல்லோரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறார்கள். நன்றாக இருக்கிறேன் என்கிறேன். இரண்டாவது தடவை யாருமே கேட்டதில்லை."

கண்ணில் நீர் முட்டியது. அதில் அவளுக்கு அவள்மேலேயே எரிச்சல்.

காலின்ஸ் புகார்க் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். அந்த வரியைத் தொட வேண்டாம் என்றார். அவள் வேலை நிரந்தரம். பரீட்சையை மாணவர்கள்தான் மறுபடி எழுத வேண்டும்.

மறுபரீட்சையிலும் முப்பத்தொன்பது பேர் கோட்டை விட்டார்கள். ஒரு பெண் மட்டும் மூன்றாம் முறையும் கேட்டாள். "நெஞ்சு வலிக்கிறது," என்று திரையில் பதில் வந்தது. எழுதியவள் தானேதான் என்றாலும், பின்னால் நின்று பார்த்த ஜலஜாவுக்கு மனசு லேசாகிவிட்டது.