பாதி விலை நூல்கட்டை

நான் கஞ்சத்தனம் பிடித்தவள். இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். துணி வெட்டி மிஞ்சுகிற விரலகலத் துண்டைக்கூட வீசியெறிய மனம் வராது. கிழிந்த தலையணைக்குள் அடைத்து வைப்பேன். தனியாகப் பிழைக்கிறவளுக்கு அது தேவைதான் என்று அப்போது எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் என் கணவர் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போய் அண்ணிமார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. பாறசாலைக்கும் கொல்லயிலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பில் ஒற்றை அறை வாடகைக்குக் கிடைத்தது. தையல் மிஷினை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ரவிக்கையை ஜம்பர் என்போம். பெண்களுக்கு ஜம்பர் தைப்பதுதான் என் பிழைப்பு.

அறைக்குச் சொந்தக்காரி பக்கத்து வீட்டில் இருந்தாள். மலையாளக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் சேச்சி என்று கூப்பிட்டேன். மத்தியானம் சாப்பாட்டு வேலை முடிந்ததும் ஒரு பாத்திரத்தில் அவித்த மரச்சீனிக் கிழங்கும், தொட்டுக்கொள்ள மிளகுச் சம்மந்தியும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு பலகை கிடக்கும், அது அவளுடைய இடம். அவள் மலையாளத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன். இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையும் தெரியும். ஆனாலும் அவள் மலையாளத்தை விடமாட்டாள், நான் தமிழை விடமாட்டேன். நாளெல்லாம் வாய் திறக்காமல் மிதித்துக்கொண்டிருக்கிற எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மனுஷ வாசனை.

அப்போது எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். நெய்யாற்றங்கரையும் அதற்குத் தெற்கே உள்ளதும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம். ஒரு பிடி மண்கூடக் கொடுக்கமாட்டோம் என்று இன்னொரு கூட்டம். இன்றைக்கு இவர்கள் ஊர்வலம், நாளைக்கு அவர்கள் கடையடைப்பு. நேற்றுவரை ஒரே வாயில் இரண்டு பாஷையையும் கலந்து பேசியவர்கள், பொதுவழியில் ஆள் பார்த்துப் பேச ஆரம்பித்தார்கள். சேச்சியின் கணவர் பள்ளிக்கூட வாத்தியார், கேரளத்துக்காகக் கூட்டங்களில் பேசுகிறவர். நானோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் தமிழ் ஆராதனைக்குப் போகிறவள். சேச்சி அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். “நமுக்கு சோறு தரான் ரண்டு கூட்டரும் வரத்தில்லா” என்பாள். இரண்டு கட்சிக்காரனும் வந்து நமக்குச் சோறு போடப் போவதில்லை என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே மரச்சீனியை என் பக்கம் தள்ளுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சேச்சியின் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாயில்லாத பெண், சேச்சிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். மணமகளுக்கான பட்டு ஜம்பரை நெய்யாற்றங்கரையில் பெரிய தையல்காரரிடம் கொடுக்கலாம் என்று வாத்தியார் சொன்னார். இந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் கொடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் ஏதாவது பேசுவார்கள் என்று அவருக்குப் பயம். சேச்சி கேட்கவில்லை. துணியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, “நீ தைச்சா மதி” என்றாள். நீ தைத்தால் போதும் என்கிறாள். நானும் ரோஷத்தோடு, கூலி வாங்கமாட்டேன் என்றேன்.

இங்கேதான் என் புத்தி போன போக்கைப் பாருங்கள்.

வழக்கமாக நூல் வாங்குகிற நெய்யாற்றங்கரைக் கடை அந்த வாரம் அடைத்துக் கிடந்தது. களியக்காவிளைச் சந்தையில் ஒருவன் சாக்கை விரித்து நூல்கட்டைகளைக் குவித்து வைத்திருந்தான். பாதி விலை. “கப்பல்ல வந்த சரக்காக்கும், எடுத்துக்கிடுங்கோ” என்றான். கப்பலில் வந்ததோ, வெள்ளத்தில் மூழ்கிய ஏதோ கிட்டங்கியிலிருந்து வந்ததோ, யார் கண்டது? கட்டையில் மூக்கை வைத்தால் பூசணம் மணத்தது. நான் விலையைப் பார்த்தேனே ஒழிய மணத்தைப் பார்க்கவில்லை. ஒரு டஜன் வாங்கி மடியில் கட்டிக்கொண்டு ஏதோ புதையல் எடுத்தவள் மாதிரி நடந்தே வந்தேன்.

மிஷினில் கோத்ததுமே சாயம் வெளுத்துவிட்டது. நாலு தையல் ஓடும், பட்டென்று அறும். திரும்பக் கோப்பேன், திரும்ப அறும். என் பெட்டியில் நல்ல நூல் ஒரு கட்டை பிரிக்காமல் இருந்தது. அதை எடுக்கக் கை போனது, நிஜமாகவே போனது. ஆனால் உள்ளே இருக்கிற கஞ்சப் பிசாசு, கூலியில்லாமல் தைக்கிறதுக்கு நல்ல நூலைத் தீர்ப்பாயா என்று கேட்டது. கையை எடுத்துக்கொண்டேன். மெழுகுதிரிக் குறை ஒன்றில் அந்த இற்ற நூலை இழுத்து இழுத்து மெழுகு ஏற்றினேன். அப்படிச் செய்தால் ஊசியில் அறாமல் ஓடும். பார்வைக்கும் பளபளப்பாக இருக்கும். ஒன்றுக்கு இரண்டாகத் தையல் போட்டுவிட்டால் தாங்கும் என்று மனசைச் சமாதானப்படுத்தினேன்.

கல்யாணத்தன்று வெயில் கொளுத்தியது. பந்தலில் ஒரு பக்கம் நானும் நின்றேன், சேச்சி என்னைக் கைபிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். மாலை மாற்றுகிற நேரம். மாப்பிள்ளை நல்ல உயரம். பெண் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி மாலையைப் போடப் போனாள். வியர்வையில் நனைந்திருந்த அக்குள் தையல் வாய் பிளந்து இடுப்பு வரைக்கும் ஓடியது. அந்தப் பிள்ளை மாலையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தன்னைப் பொத்திக்கொண்டு நின்றது. சேச்சி ஓடிப்போய் தன் மேல்முண்டை உருவி அவளைச் சுற்றிப் போர்த்தினாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் யாரோ, “பாண்டிக்காரி தைச்சதா” என்று சொன்னது நன்றாகவே கேட்டது. பாண்டி என்பது தமிழரை இளக்காரமாகச் சொல்கிற பேர். தமிழ்க்காரி வேண்டுமென்றே செய்தாள் என்ற பேச்சு, பாயசம் இலையில் விளம்பி முடிவதற்குள் பந்தல் முழுக்கப் பரவிவிட்டது. நான் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சேச்சி வந்தாள். கையில் பாத்திரம் இல்லை. பலகையில் உட்காரவும் இல்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது என் அறையில் தமிழ்க் கட்சிக்காரர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் ஊர்வலத்துக்கு ஒரே நிறத்தில் ஜம்பர் தைக்கத் துணியோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பொருட்படுத்தாமல் சேச்சி கேட்டாள்.

“நீ அறிஞ்ஞோண்டு செய்ததாணோ?”

தெரிந்துதான் செய்தாயா என்கிறாள். நூல் மோசம் சேச்சி, என் கஞ்சத்தனத்தில் வந்த வினை சேச்சி என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். அழுதிருப்பாள், நாலு திட்டு திட்டியிருப்பாள், மறுநாள் வந்திருப்பாள். ஆனால் இற்ற நூலில் தைக்கிறவள் என்று தெரிந்தால் அந்த இரண்டு பெண்களும் துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்களே! ஊர் முழுக்கச் சொல்லுவார்களே! நான் குனிந்து மிஷினைத் துடைக்கிற மாதிரி பாவனை பண்ணினேன். சேச்சி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் வேலிப் படலைத் தாண்டினதும் அந்தப் பெண்களில் மூத்தவள் என் தோளில் தட்டினாள்.

“நல்ல வேலையாக்கும் செய்தே மக்கா. அவங்களுக்கு அது வேணும்.”

நான் சும்மா சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒன்று போடலாம் போலிருக்கிறது.

பிறகு அந்தக் கட்சி வீடுகளிலிருந்து துணி வந்து குவிந்தது. தனுவச்சபுரம், குன்னத்துகால் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தார்கள். சந்தையில் வாங்கிய நூலை அடுப்பில் போட்டுவிட்டு நல்ல நூல் வாங்கினேன். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. மத்தியானம் ஆனால் மட்டும் கால் தானாக நின்றுவிடும். படல் பக்கம் காது போகும். நானே மரச்சீனி அவித்து, நானே சம்மந்தி அரைத்து, பலகையை எதிரே போட்டுக்கொண்டு தின்றேன். வாடகை வாங்க அவர்கள் வீட்டு வேலைக்காரி வருவாள். சேச்சி என்னைக் காலி பண்ணச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவள் துணி உலர்த்துகிற சத்தம் கேட்கும். அதைக் கேட்பதற்காகவே நான் அங்கே கிடந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

கடைசியில் கோடு போட்டார்கள். களியக்காவிளை தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் கேரளத்துப் பக்கம் நின்றோம். தோளில் தட்டியவர்கள் அந்தப் பக்கத்துத் தையல்காரிகளிடம் போய்விட்டார்கள். கூட்டம் போட்டவர்கள் எல்லாம் வீட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினார்கள். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது.

எட்டு வருஷம் கழித்து வாத்தியார் ஓய்வு பெற்றதும் வீட்டையும் தோப்பையும் விற்றுவிட்டுத் திருவனந்தபுரத்துக்குக் குடிபோனார்கள். சாமான் ஏற்றிய லாரி வாசலில் நின்றபோது சேச்சி படலைத் திறந்து வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. மடித்த துணி ஒன்றை மிஷின்மேல் வைத்தாள். அந்தப் பட்டு ஜம்பர்.

“அடுத்த நாளே நான் இந்தத் தையலப் பிரிச்சுப் பாத்தேன். நூல் சாம்பலாட்டு உதுந்துது. மெழுகுதிரி மணமும் உண்டு. நீ வேணும்ணு செய்யேல்லண்ணு எனக்கு அண்ணைக்கே தெரியும்.”

முதல்முறையாக என்னிடம் தமிழில் பேசினாள்.

“பின்ன எதுக்கு வராம...” என்றேன்.

“ஒனக்க வாயால ஒரு வாக்கு வரும்ணு இருந்தேன் மக்கா. எல்லா மத்தியானமும் இருந்தேன்.”

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். “வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் வாசல் வரைகூடப் போகவில்லை.

வெகுநேரம் கழித்துத்தான் ஜம்பரை விரித்துப் பார்த்தேன். அக்குளிலிருந்து இடுப்புவரை சேச்சி கையாலேயே தைத்திருந்தாள். கோணல்மாணலான தையல், ஆனால் நல்ல நூல். இரண்டு பக்கமும் பிடித்து என் பலம் முழுக்க இழுத்தேன். அறவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆளில்லாத முற்றத்தில் போய் நின்று, “நூல் மோசம் சேச்சி” என்று உரக்கவே சொன்னேன். லாரி அதற்குள் நெய்யாற்றங்கரையைத் தாண்டியிருக்கும்.