கண்ணாடிக்குள் போகும் கொடி

கொடிக்கார அக்கா தைக்காத கொடி கிடையாது. ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு கட்சிகளின் கொடிகளும் அவருடைய ஒரே மேசையில், ஒரே கத்தரிக்கோலுக்குப் பிறந்தவை. ஆனால் தான் தைத்தது பறந்து அவர் பார்த்ததில்லை. கொடியேற்றுகிற நேரத்தில் அடுத்த கொடிக்கு ஆள் வந்து நிற்பார்.

அப்படிப்பட்டவரிடம் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு வேலை வந்தது. கடல் கடந்து வியாபாரம் செய்த பழைய டென்மார்க் கம்பெனியின் கப்பல் கொடிபோலவே ஒன்று தைக்க வேண்டும். சிவப்புத் துணி, குறுக்கே வெள்ளைச் சிலுவை, நுனி மீன்வால்போல இரண்டாகப் பிளந்தது. கம்பெனி எப்போதோ மூடப்பட்டுவிட்டது. கொடிக்குத்தான் கிராக்கி குறையவில்லை.

வால் வைத்த கொடி அக்காவுக்குப் புதிது. மனம் அதிலேயே நின்றுவிட்டது.

"இது காத்துல எப்படி அடிக்கும்னு ஒரு தடவையாவது பாத்துடணுங்க" என்றார் கணவரிடம்.

"மாடியில என் சட்டை தினமும் பறக்குது. போய்ப் பாரு, டிக்கெட்கூடக் கிடையாது."

கடற்காற்றைத் தாங்க வேண்டுமே என்று வால் ஓரத்தில் மூன்று வரிசை தையல் போட்டார். அருங்காட்சியக அதிகாரி கொடியைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்.

"கண்ணாடிப் பெட்டிக்குள்ள போறதுக்கு இத்தனை தையலாம்மா? பலகையில படியாம வால் விறைச்சிக்கிட்டு நிக்குது. பிரிச்சிட்டு, ஓரத்தப் பசை வச்சு ஒட்டிடுங்க. நாளைக்குக் காலையில வேணும்."

"பசையா? பறந்தா பிஞ்சிடுமே சார்."

"அது எங்கம்மா பறக்கப் போகுது?"

பிரிப்பதற்கு முன் அக்கா கொடியை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்த் துணி காயப்போடும் கொடிக் கம்பத்தில் கட்டினார். இலை அசையவில்லை. நனைந்த துண்டாகத் தொங்கியது கொடி.

பக்கத்து மாடிக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, புதுக் கட்சியா?"

"டென்மார்க்காரங்க."

"ஜெயிப்பாங்களா?"

"காத்து வந்தாத்தான் தெரியும்."

வரவில்லை. வெயில் சாயும்வரை காத்திருந்துவிட்டு, அக்கா கொடியை அவிழ்த்தார். அங்கேயே உட்கார்ந்து தையலைப் பிரித்து, பசை தடவி ஓரங்களை மடித்து ஒட்டி, காயட்டும் என்று தரையில் விரித்தார்.

அப்போது வந்தது காற்று. முதலில் கணவரின் சட்டை எழுந்தது. அடுத்து கொடியின் இரண்டு வால்கள். அக்கா பாய்ந்து, ஒரு கைக்கு ஒரு வாலாக அழுத்திப் பிடித்தார்.

"விடுக்கா, பறக்கட்டும்!" என்று கத்தினாள் பக்கத்து மாடிக்காரி.

"பசை காயலடி. காலையில வந்து கேப்பாங்க."

உள்ளங்கைகளுக்கு அடியில் துணி உப்பி உப்பி எழுந்தது. இடது வால்தான் அதிகம் இழுத்தது. அக்கா கையை எடுக்கவில்லை.