சொன்னதைத் திரும்பச் சொல்லும் மேசை

என்னை மனநல மருத்துவரிடம் அனுப்பி வைத்தது ஒரு மைனஸ் குறி.

தூத்துக்குடியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்த்துக் கொடுக்கும் ஓர் ஏஜென்சியில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். அங்கே ரீஃபர் மேசை என்னுடையது. ரீஃபர் என்பது குளிரூட்டும் கண்டெய்னர். இறாலும் கணவாயும் உறைந்தபடியே கடல் தாண்டுவது அதில்தான். பெட்டிக்குள் எவ்வளவு குளிர் இருக்க வேண்டும் என்று படிவத்தில் நிரப்பி அனுப்புவது என் பொறுப்பு. மைனஸ் பதினெட்டு. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஒரு நாள் மைனஸ் போடாமல் அனுப்பிவிட்டேன்.

கண்டெய்னர் யார்டில் காலிப் பெட்டியைப் படிவத்தில் இருந்தபடியே பதினெட்டு டிகிரியில் வைத்து, வேம்பார்ப் பக்கத்து இறால் கம்பெனிக்கு லாரியில் ஏற்றிவிட்டார்கள். அங்கே மேனேஜர் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டிப் பார்த்திருக்கிறார். மார்கழிக் காலை மாதிரி இருந்ததாம். அப்படியே சரக்கு ஏற்றுவதை நிறுத்திவிட்டார். இறாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேறு பெட்டி தேடி எடுப்பதற்குள் கப்பல் போய்விட்டது.

அந்தப் படிவத்தை நான் மூன்று தடவை சரிபார்த்திருந்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால்தான் முதலிலேயே சொல்கிறேன். கண் வரிகளின் மேல் போனது. மனது அந்த நேரத்தில் கேஸ் சிலிண்டர் பதிந்தோமா என்ற யோசனையில் இருந்தது. அங்கிருந்து மகளின் சீருடைக்கு, அங்கிருந்து முந்தாநாள் யாரோ சொன்ன ஒரு சொல்லுக்கு. சிலிண்டரையும் பதிந்திருக்கவில்லை என்பது வேறு விஷயம்.

முதலாளியை அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு போட்டிருப்பேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவர் மெதுவாகச் சொன்னார்.

"ரீஃபர் பக்கம் நீங்க இனி வரண்டாம்மா. அந்த மேனேஜர், அந்தம்மா கை நம்ம பெட்டியில படக்கூடாதுங்காரு. நான் என்ன செய்ய?"

எனக்குக் கூரியர் மேசை கிடைத்தது. கவர் ஒட்டுவது, முகவரி எழுதுவது. பதினாறு வருட வேலைக்குப் பிறகு கவர் ஒட்டினேன். அந்த ரீஃபர் மேசையைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். எப்படி வாங்குவது என்றுதான் தெரியவில்லை. கவனமாக இரு என்று எனக்கு நானே சொல்லாத நாள் கிடையாது. சொல்லிச் சொல்லிப் படபடப்பு வந்ததுதான் மிச்சம். தூக்கம் போனது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

படபடப்புக்கு மருந்து கேட்டுப் போன இடத்தில் ஈசிஜி எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள். எல்லாம் சரி என்றார்கள். கடைசியில் அந்த டாக்டர் ஒரு சீட்டில் மனநல மருத்துவரின் பெயரை எழுதினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் என்ன பைத்தியமா என்று கேட்டேவிட்டேன். அவர் சீட்டை நீட்டினார். கோபத்தோடுதான் வாங்கினேன், ஆனால் வாங்கினேன்.

துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலியில் எங்கள் பங்குக் கோயிலுக்கு வரும் ஒரு பெண். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டோம். "பல்லு டாக்டர்னு நெனச்சு ஏறி வந்துட்டேன்" என்றார் அவர். "நானும்தான்" என்றேன். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

மருத்துவர் என்னைவிட வயதில் சிறியவர். வேலையைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டார். ரேங்க் கார்டில் என்ன எழுதுவார்கள் என்றார். 'கெட்டிக்காரி, கவனம் போதாது.' ஒவ்வொரு வருடமும் அதே வரிதான், டீச்சர் மட்டும் மாறுவார். ஆரம்பித்து முடிக்காத வேலைகள் பற்றிக் கேட்டார். பாதியில் நிற்கும் தையல், எட்டாம் பாடத்தோடு விட்ட இந்தி, அடுப்பில் வைத்து மறந்து கருகிய பால் என்று சொல்லிக்கொண்டே போனேன். அடுத்த முறை வரும்போது என்னைச் சின்ன வயதில் பார்த்த யாரையாவது கூட்டிவரச் சொன்னார்.

அம்மாவைக் கூட்டிப் போனேன். அம்மாவுக்கு என் குறைகளைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். தேங்காயெண்ணெய்க்கு அனுப்பினால் எண்ணெயும் இல்லாமல் பாட்டிலும் இல்லாமல் திரும்பி வந்தது, மூன்று குடையைத் தொலைத்தது, ஒரு செருப்போடு வீடு வந்தது என்று அடுக்கினார். மருத்துவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்.

"இதுக்கு ஏடிஹெச்டின்னு பேரு. இவங்களுக்குக் கவனம் இல்லாம இல்லம்மா. அது எங்க நிக்கணும்னு இவங்க சொன்னா கேக்காது, அவ்வளவுதான். மூளை பிறந்ததுல இருந்தே அப்படி வேலை செய்யுது. பொம்பளப் பிள்ளைங்க ஓடியாடாம உக்காந்தே கனவு கண்டுட்டிருந்தா யாரும் கண்டுபிடிக்கிறதில்ல. இத்தனை வருஷம் திட்டு வாங்கி வாங்கித்தான் படபடப்பும் அழுகையும் வந்திருக்கு. ரெண்டுக்கும் வைத்தியம் இருக்கு."

அம்மா என் பக்கம் திரும்பினார். பிறகு, "அடிச்சா சரியாவும்னு நெனச்சேனே" என்றார். "நான் எத்தன அடி அடிச்சிருக்கேன், ஏளா."

எனக்கு அம்மாவின் மேல் இருந்த வருத்தம் அந்த நிமிடத்தில் மொத்தமாகப் போய்விடவில்லை. பாதி போனது. மீதி மெதுவாகப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் எனக்குள் வேறொன்று நடந்தது. நாற்பத்தொரு வயதில் முதல்முறையாக, நான் சோம்பேறி இல்லை என்று ஒருவர் காரணத்தோடு சொல்லியிருந்தார். வெளியே வந்து கடற்கரைச் சாலையில் அம்மாவுக்கு ஒரு இளநீர், எனக்கு இரண்டு வாங்கினேன்.

மருத்துவர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, குறைந்த அளவில் மாத்திரை ஆரம்பித்தார். முதல் வாரம் வாய் வறண்டது, மதியச் சோறு இறங்கவில்லை. போய்ச் சொன்னதும் அளவையும் நேரத்தையும் மாற்றினார். மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பிரசங்கத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டேன். வாழ்நாளில் அதுதான் முதல் தடவை. பிரசங்கம் அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. ஆனாலும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மாத்திரை மட்டும் போதாது, வேலை செய்யும் முறையையும் மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சமயம் என் கணவர் விடுப்பில் வந்திருந்தார். சரக்குக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர். சாப்பிட்டுக்கொண்டே அவரிடம் இதைச் சொன்னேன்.

"கேப்டன் 'போர்ட் டென்'னு சொன்னா நான் என்ன செய்வேன்னு நெனைக்க?" என்று கேட்டார்.

"இடது பக்கம் பத்து டிகிரி திருப்புவீங்க."

"மொதல்ல 'போர்ட் டென்'னு திருப்பிச் சொல்லணும். பொறவுதான் சுக்கானத் திருப்பணும். திருப்பி முடிச்சதும் இன்னொருக்காச் சொல்லணும். முப்பது வருஷம் கடல்ல கெடந்தவனும் சொல்லித்தான் ஆவணும்."

"மறந்துரும்னா?"

"மறதிக்காரனுக்குன்னு இல்லளா. எல்லாருக்கும்தான். ஒத்தத் தலைய நம்பி யாரு கப்பல் ஓட்டுவா?"

சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டேன். கப்பல் நிறைய கெட்டிக்கார ஆண்கள், ஒருவர்கூடத் தன் ஞாபகத்தை மட்டும் நம்புவதில்லை. அதை யாரும் அங்கே குறை என்று சொல்வதில்லை, ஒழுங்கு என்கிறார்கள். நான்தான் இத்தனை வருடம் ஒற்றைத் தலையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் அண்ணாச்சியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். எனக்கு இருப்பது இன்னது, மாத்திரை சாப்பிடுகிறேன், ரீஃபர் மேசையை ஒரு மாதம் கொடுங்கள் என்றேன்.

"அது சின்னப் பிள்ளைகளுக்கு வாரதுல்லா?"

"சின்னதுல வந்தது போகல அண்ணாச்சி. கூடவே வளந்துட்டு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு மாசம்மா. வேம்பார்க் கம்பெனி பெட்டிய மட்டும் தொடாதீங்க."

எதிர்மேசைப் பெண்ணைத் துணைக்குக் கேட்டுக்கொண்டேன். நான் படிவத்தை நிரப்பி ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பேன். அவள் மூலக் காகிதத்தைப் பார்த்து அதையே திரும்பச் சொல்வாள். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் அடுத்த வரி. அது முடியும்வரை போன் மேசை இழுப்பறைக்குள். அலுவலகமே சிரித்தது. "அக்காமாரு செபமாலைய ஆரம்பிச்சுட்டாவ" என்றார்கள். சிரிக்கட்டும் என்று அடுத்த வரியை இன்னும் சத்தமாக வாசித்தேன்.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஒரு கப்பல் முன்கூட்டியே வந்துவிட்டது. பெட்டிகள் துறைமுகத்துக்குள் போக வேண்டிய நேரத்தை ஆறு மணி நேரம் முன்னால் இழுத்துவிட்டார்கள். கையில் ஏழு ரீஃபர்கள். அவற்றில் இரண்டு வேம்பார்க் கம்பெனியுடையவை. அவற்றைப் பார்க்கும் பையன் காய்ச்சலில் படுத்திருந்தான். அண்ணாச்சி ஏழு கோப்புகளையும் அள்ளிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார்.

தொடங்கினோம். நான் வாசிக்க, எதிர்மேசைப் பெண் திரும்பச் சொன்னாள். நடுவில் அண்ணாச்சி ஒரு காதில் போனோடு ஓடிவந்து, நான்காவது பெட்டிக்கு எடை மாறியிருக்கிறது என்று ஒரு எண்ணைச் சொன்னார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பெட்டி எண்ணையும் எடையையும் திரும்பச் சொன்னேன். அவர் போனில் இருந்தவரிடம் அதையே சொல்லிக் கேட்டார். முகம் மாறியது.

"நாலாவதுக்கு இல்லம்மா. ஆறாவதுக்கு."

ஆறாவது என்று திரும்பச் சொல்லிவிட்டுத் திருத்தினேன். சிரித்தவர்கள் யாரும் அப்போது சிரிக்கவில்லை. சாயங்காலம் நாலரைக்கு ஏழு பெட்டியும் துறைமுகத்துக்குள் போய்விட்டன என்று செய்தி வந்தது. நாற்காலியை விட்டு எழுந்து ஒரு கத்து கத்தினேன். கணக்குப் பிரிவில் ஒருவர் டீயைக் கொட்டிவிட்டார்.

இரண்டு நாள் கழித்து அந்த வேம்பார்க் கம்பெனி மேனேஜர் நேரிலேயே வந்தார். அண்ணாச்சி நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும். எதிரில் உட்கார்ந்து, "இதுக்கெல்லாம் மாத்திரையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். தினமும் காலையில் சாப்பிடுகிறேன், மாதம் ஒருமுறை மருத்துவரைப் பார்க்கிறேன், மேசையில் எல்லாவற்றையும் இரண்டு பேர் வாசிக்கிறோம் என்றேன். குரலைத் தாழ்த்தவில்லை. அலுவலகம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

மேனேஜர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"தப்பு பண்ணிட்டு மன்னிப்பு கேட்டவங்க நெறைய பேரப் பாத்தாச்சு. ஏன் தப்பு வந்துச்சுன்னு போய்க் கண்டுபிடிச்சிட்டு வந்த ஆள இப்பதான் பாக்கேன்" என்றார். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பி, "இனி நம்ம பெட்டி எல்லாம் இந்தம்மா மேசைக்கே வரட்டும் அண்ணாச்சி" என்றார்.

அத்தனை பேர் முன்னாலும் எனக்கு அழுகை வந்தது. நான் எந்தக் குழாயையும் தேடிப் போகவில்லை.